சின்ன வீடியோ கேமராவைத் தண்ணீருக்குள் இறக்க: 90 மி.மீ. பைப்பில் நீங்களே செய்யும் கூடு

பழைய ஆக்‌ஷன் கேமராவோ, வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட டேஷ்கேமோ பலர் வீட்டில் சும்மா கிடக்கிறது. கிணற்றுக்குள் மோட்டார் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வ் ஏன் அடைக்கிறது, ஊற்று எந்தப் பக்கம் வருகிறது, விழுந்த வாளி எங்கே கிடக்கிறது என்றெல்லாம் பார்க்க அதுவே போதும். கடையில் கிடைக்கும் ஹவுசிங் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி, பழைய மாடலுக்குத் தேடினாலும் கிடைக்காது. அதனால் எந்தச் சின்ன கேமராவும் உள்ளே போகிற மாதிரி, விவசாய பைப் கடைச் சாமான்களை வைத்தே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும் ஒரு கூடு செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கேமரா பெட்டியில் IP67 மாதிரி, தண்ணீரும் தூசும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே இறக்கிவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், ஐ.பி. 67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அவ்வளவுதான். 2016இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 பிளாக் மாதிரி, கூடு இல்லாமலே 10 மீட்டர் போகும் கேமராக்களும் இருக்கின்றன. அது கையில் இருந்தால் இந்த வேலையே தேவையில்லை.

ஆழம் என்ன செய்யும் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். 10 மீட்டர் ஆழம் போனால் ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் கூடுதலாக ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். நம் கூட்டின் கண்ணாடித் திறப்பு 8 செ.மீ. விட்டம் என்று வைத்தால் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ., அதாவது அந்தச் சின்ன வட்டத்தின் மேல் ஒரு சிமெண்ட் மூட்டையை ஏற்றி வைத்த கனம். இந்த அழுத்தத்தை எதிர்த்து மல்லுக்கட்டாமல் அதையே நம் பக்கம் வேலை வாங்கிக்கொள்வதுதான் மொத்த விஷயமும். கண்ணாடி வெளியே இருக்க வேண்டும், இடைவெளியை அடைக்கும் ரப்பர் தகடான கேஸ்கெட் அதற்கு அடியில் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் தண்ணீர் கண்ணாடியை உள்ளே தள்ளத் தள்ள கேஸ்கெட் இன்னும் இறுகும். உள்ளிருந்து ஒட்டிய கண்ணாடியோ நேர் எதிர், ஆழம் கூடக் கூட ஒட்டு பிரியத்தான் பார்க்கும். இன்னொன்று, திறக்கிற இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வெளியிலிருந்து பட்டன் அழுத்த ஓட்டை போடும் ஆசையை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு ஓட்டையும் கசியக்கூடிய ஓர் இடம்.

வாங்க வேண்டியவை: 90 மி.மீ. பிவிசி பைப் ஒரு துண்டு, 15 செ.மீ. நீளம் போதும். பைப்பின் மேலேயே எத்தனை கிலோ என்று அச்சடித்திருப்பார்கள், 10 கிலோ என்று இருப்பதைக் கேளுங்கள். அது உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்துக்கான எண், நமக்கு வெளியிலிருந்து உள்ளே நெரிக்கும் அழுத்தம், ஆனால் சுவர் தடிமனாக இருந்தால் இரண்டுக்கும் நல்லது. கழிவுநீருக்குப் போடும் மெல்லிய பைப் வேண்டாம். அதே அளவில் ஒரு தடித்த எண்ட் கேப், ஒரு ஃப்ளாஞ்ச் (போல்ட் துளைகள் உள்ள தட்டையான விளிம்பு), ஃப்ளாஞ்ச் அளவுக்கு வட்டமாக வெட்டிய 10 மி.மீ. அக்ரிலிக் (இதுதான் நம் கண்ணாடி), கேஸ்கெட்டுக்கு 3 மி.மீ. நைட்ரைல் ரப்பர் ஷீட், எஸ்எஸ் போல்ட்டும் வாஷரும், சால்வென்ட் சிமெண்ட், சிலிக்கான் கிரீஸ். பழைய ஆக்‌ஷன் கேமராக்களின் முகம் 6 செ.மீ.க்கு 4 செ.மீ. அளவில் இருக்கும், மூலைக்கு மூலை 7 செ.மீ. தாண்டும், அதனால்தான் 75 மி.மீ. பைப் பத்தாது. உங்கள் கேமராவை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பைப்பின் ஒரு முனையில் எண்ட் கேப், மறுமுனையில் ஃப்ளாஞ்ச், இரண்டையும் சால்வென்ட் சிமெண்ட் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடலாம். கேப்பை முதலில் ஒட்டுங்கள், மறுமுனை திறந்திருப்பதால் காற்று வெளியேறும், கேப் பின்வாங்காது. பைப், கேப் இரண்டின் மேலும் பசை தடவி, கால் சுற்று திருப்பி அழுத்தி, அரை நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். அப்புறம் இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. ஒட்டு ஒரே நாளில் பிடித்துவிட்டாலும் சால்வென்ட் வாடை பல நாள் உள்ளே நிற்கும். அந்த ஆவியோடு அக்ரிலிக்கைப் போட்டு மூடினால் அதில் முடி முடியாக விரிசல் ஓடும், படம் மங்கும், பலமும் போகும். மூக்கை வைத்துப் பார்த்தால் வாடையே வரக்கூடாது, அதுவரை காற்றாட வையுங்கள். இதே காரணத்தால்தான் அக்ரிலிக்கைத் தின்னர், ஸ்பிரிட் எதிலும் துடைக்கக் கூடாது, சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் மட்டும்.

இனி ஃப்ளாஞ்சின் முகம். அச்சில் வார்த்த சாமான் என்பதால் அதில் மேடு பள்ளம், சின்ன வரிகள் இருக்கும், பம்புக்குப் பரவாயில்லை, நமக்கு ஆகாது. ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, ஃப்ளாஞ்சைக் கவிழ்த்து வட்ட வட்டமாகத் தேயுங்கள். பென்சிலால் முகம் முழுக்கக் கோடு போட்டுவிட்டுத் தேய்த்தால் எந்த இடத்தில் கோடு அழியவில்லையோ அந்த இடம் இன்னும் பள்ளம் என்று தெரிந்துவிடும். எல்லாக் கோடும் அழிகிற வரை விடாதீர்கள்.

அக்ரிலிக்கில் துளை போடும்போது அடியில் மரக்கட்டை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். போல்ட்டைவிட 1 மி.மீ. பெரிய துளை வேண்டும், இறுக்கமாக இருந்தால் துளையைச் சுற்றித்தான் முதல் விரிசல் வரும். கேஸ்கெட்டை ஃப்ளாஞ்சின் முழு முகத்துக்கும் வெட்டி, நடுவில் திறப்பும் போல்ட் துளைகளும் போட்டுக்கொள்ளுங்கள்; வளையம் மட்டும் வைத்தால் போல்ட் இறுக்கும்போது அக்ரிலிக் வளையும். சிலிக்கான் கிரீஸை ரப்பர் பளபளக்கும் அளவுக்குத் தடவினால் போதும், அப்பக் கூடாது. எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி, விரலால் முட்டும் வரை திருகி, ஸ்பேனரில் இன்னும் அரைச் சுற்று. கண்ணாடி வழியே பார்த்தால் ரப்பர் ஒட்டிய இடம் கருப்பாக, இடைவெளி இல்லாத வளையமாகத் தெரிய வேண்டும். ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் அந்த வளையத்தில் வெள்ளிக் கோடாகத் தெரியும், அப்படியானால் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கேமராவை உள்ளே வைக்காமலேயே முதல் சோதனை. உள்ளே டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வைத்து மூடி, கல் கட்டி, நீங்கள் போகப்போகும் ஆழத்துக்கே இறக்கி அரை மணி நேரம் விடுங்கள். வாளியில் முக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது, அங்கே அழுத்தம் ஏது? மேலே வந்ததும் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து, பேப்பரைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு ஓரம் சில்லென்று இருந்தாலும் தோல்விதான்.

கல் எவ்வளவு வேண்டும்? 90 மி.மீ. பைப் 15 செ.மீ. நீளம் என்றால் சுமார் 950 கிராம் தண்ணீரை விலக்கும், ஃப்ளாஞ்சுக்கும் கேப்புக்கும் இன்னும் கொஞ்சம். கேமராவோடு கூட்டின் எடை அதைவிடக் குறைந்தால் மிதக்கும். குறைகிற எடைக்கு மேல் ஒரு அரை கிலோ கூடுதலாக அடியில் கட்டினால் கயிறு விறைப்பாக நிற்கும். கடலில் உப்பால் மிதப்பு இரண்டு மூன்று சதவீதம் கூடும்.

படத்துக்கு வருவோம். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், பார்வையும் குறுகும். காற்றில் 120 டிகிரி பார்க்கும் லென்ஸ் தண்ணீரில் 80 டிகிரி சுமாருக்குத்தான் பார்க்கும், அதனால் கேமராவில் இருப்பதிலேயே அகலமான கோணத்தை வையுங்கள். லென்ஸ் அக்ரிலிக்கை ஒட்டினாற்போல் இருக்கட்டும், சுற்றிலும் கருப்பு ஃபோம் வளையம் வைத்தால் உள் பிரதிபலிப்பு வராது. வைஃபை, ப்ளூடூத் எதுவும் தண்ணீருக்குள் சில செ.மீ.க்கு மேல் எட்டாது, எனவே பதிவை ஓட விட்டுத்தான் மூட வேண்டும். தானாக அணையும் அமைப்பையும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். ஏ.சி. அறையில் மூடினால் நல்லது, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கண்ணாடியில் உள்ளே பனி பிடிக்கும். மூடிய கூட்டை வெயிலிலும் வைக்காதீர்கள்.

கிணற்றில் உச்சி வெயில் நேரம்தான் சரி, சூரியன் நேராக இறங்கும். டார்ச் வேண்டுமென்றால் தண்ணீர் புகாத ஒன்றைக் கூட்டிலிருந்து ஓரடி தள்ளிச் சாய்த்துக் கட்டுங்கள். லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்தால் மிதக்கும் தூசு எல்லாம் வெள்ளைப் பொட்டாக மின்னி மற்றதை மறைத்துவிடும். ஒற்றைக் கயிற்றில் தொங்கினால் கூடு சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இரண்டு நைலான் கயிறு கட்டி, கிணற்றின் இரு பக்கமும் ஆளுக்கொருவர் பிடித்தால் நினைத்த பக்கம் திருப்பலாம். அதற்கு முன் மோட்டாரின் மெயினை அணைத்துவிடுங்கள். கூடு சிக்கிக்கொண்டால் அதை எடுக்க யாரும் கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம், அடியில் விஷவாயு தங்கியிருந்தால் மேலிருந்து தெரியாது, கேமரா போனால் போகட்டும்.

கடலில் இறக்குவதானால், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியது தேசியப் பூங்கா, அங்கே வனத்துறை அனுமதி வேண்டும். கீழே போகப் போகச் சிவப்புதான் முதலில் மறையும், ஐந்தாறு மீட்டரிலேயே படம் நீலப்பச்சையாகிவிடும். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் வைக்கலாம்.

தண்ணீர் புகுந்துவிட்டதா? உடனே பேட்டரியைக் கழற்றுங்கள், முகத்துக்கு நேராக வைத்துத் திறக்காதீர்கள். உப்புத் தண்ணீர் என்றால் நல்ல தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும், காயும் முன் ஆன் செய்து பார்க்கக் கூடாது. எல்லாம் சரியாக முடிந்தாலும், கடலுக்குப் போய் வந்த கூட்டைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள், போல்ட் துளைகளில் உப்பு காய்ந்தால் அடுத்த முறை கழற்ற முடியாது. எடுத்து வைக்கும்போது போல்ட்டுகளைத் தளர்த்தி வையுங்கள், நசுங்கியே கிடந்தால் ரப்பர் தட்டையாகிவிடும்.