'பிளாக் டாலியா' படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1947 ஜனவரி 15 காலை, லாஸ் ஏஞ்சலஸில் லைமர்ட் பார்க் பகுதியின் காலி மனை ஒன்றில் எலிசபெத் ஷார்ட் என்ற 22 வயதுப் பெண்ணின் உடல் கிடந்தது. இடுப்பில் இரண்டாக வெட்டி, ரத்தத்தை வடித்துவிட்டு, கொண்டுவந்து போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது. பத்திரிகைகள் எலிசபெத்தை 'பிளாக் டாலியா' என்று அழைத்தன. இந்தக் கொலையை வைத்து அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் எல்ராய் 1987இல் எழுதிய நாவல்தான் 'தி பிளாக் டாலியா'. நுவார் எனப்படும் இருண்ட குற்றக்கதை நாவல்களில் கட்டாயம் படிக்க வேண்டியது. ஆனால் படித்தவர்களில் பலர் கதையையும் வழக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நாவலின் முடிவை வழக்கின் முடிவாக நினைப்பதுதான் முதல் தவறு. எல்ராய் கொலையாளியைக் காட்டிவிடுகிறார். அது முழுக்க அவர் கற்பனை. கதை சொல்லும் போலீஸ்காரர் பக்கி பிளைகர்ட்டும் அவருடைய கூட்டாளி லீ பிளான்சர்டும்கூட நிஜத்தில் இல்லாதவர்கள். ஊரும் தேதியும் நிஜமாக இருப்பதால் மற்றதும் நடந்ததுதான் என்று தோன்றிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு, நாவலில் வரும் பெண்தான் உண்மையான எலிசபெத் என்று நம்புவது. நாவலில் அவர் ஓர் ஆபாசப் படத்தில் நடிக்கிறார். அப்படி நடந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் பாலியல் தொழில் செய்தார் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. நடிகை என்று எழுதுகிறார்கள், எந்தப் படத்திலும் நடித்ததாகப் பதிவே இல்லை. இந்த அவதூறுகளுக்கு நாவலை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைய பத்திரிகைகள் எலிசபெத்தின் உடையிலிருந்து நட்பு வரை எல்லாவற்றையும் திரித்து எழுதின. 'எக்ஸாமினர்' பத்திரிகை நிருபர்கள் அவருடைய அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மகள் அழகிப் போட்டியில் ஜெயித்திருக்கிறாள் என்று பொய் சொல்லி, வேண்டிய விவரங்களை எல்லாம் கறந்துகொண்டார்கள். அப்புறம்தான் மகள் கொல்லப்பட்ட செய்தியைச் சொன்னார்கள். பெற்ற தாய்க்கு இப்படிச் செய்தவர்கள் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதை எப்படி நம்புவது? எலிசபெத் எப்படிப்பட்டவர் என்று பேசும்முன் இது நினைவில் இருக்கட்டும்.

விறுவிறுப்பான துப்பறியும் கதையை எதிர்பார்த்து உட்கார்ந்தாலும் ஏமாந்துபோவீர்கள். உடல் கிடைப்பதற்கு முன்பே பல அத்தியாயங்கள் போய்விடும். 1943இல் அந்த ஊரில் நடந்த கலவரம், இரண்டு போலீஸ்காரர்களும் மோதும் குத்துச்சண்டை, அதை வைத்து மேலதிகாரிகள் நடத்தும் அரசியல் என்றுதான் கதை தொடங்குகிறது. தாண்டிப் படிக்காதீர்கள். பின்னால் அந்த இருவரும் செத்துப்போன ஒரு பெண்ணின் நினைப்பிலேயே சீரழிந்துபோவதற்கான காரணம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

எல்ராயின் அம்மாவைப் பற்றித் தெரியாமல் படிப்பதும் ஒரு குறைதான். 1958 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே எல் மான்டேயில் அவரையும் யாரோ கொன்றுவிட்டார்கள். அப்போது எல்ராய்க்கு 10 வயது. அந்த வழக்கிலும் துப்பு துலங்கவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு அப்பா பரிசளித்த புத்தகத்தில்தான் எலிசபெத் கொலையைப் பற்றிப் படித்தார். நாவலை அம்மாவுக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். பக்கியின் வெறி எங்கிருந்து வருகிறது என்பது இது தெரிந்தால் புரியும். அதற்காக எலிசபெத்தை அந்த அம்மாவின் வெறும் நிழலாக ஆக்கிவிடவும் கூடாது. இரண்டு பெண்களும் தனித்தனியாக வாழ்ந்தவர்கள். அம்மாவின் கதைக்கு 1996இல் வந்த 'மை டார்க் பிளேசஸ்' இருக்கிறது, நாவலுக்குப் பிறகு அதைப் படியுங்கள்.

2006இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று இருந்துவிட வேண்டாம்.

நாவலை முடித்த வேகத்தில் 'கொலையாளியைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று சொல்லும் புத்தகங்களைத் தேடுகிறவர்களும் உண்டு. தன் அப்பாதான் கொலையாளி என்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இருவர் எழுதியிருக்கிறார்கள். கொலையைத் தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் 50 பேருக்கும் மேல். ஒருவர் மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை.