பிழைப்பானா, சாவானா: ஃபேன்டஸி கதையில் சஸ்பென்ஸைக் கெடுக்கும் தவறுகள்

யார் சாகப்போகிறார் என்பதை மறைத்து வைத்தால்தான் சஸ்பென்ஸ் என்று ஃபேன்டஸி எழுதுபவர்கள் பலர் நினைக்கிறார்கள். அதனால் எந்த முன்குறிப்பும் இல்லாமல் ஆளைத் திடீரென்று கொல்கிறார்கள். வாசகர் அதிர்வார், உண்மைதான். ஆனால் பயந்து காத்திருக்க அவருக்கு நேரமே இல்லையே!

அபிமன்யுவைப் பாருங்கள். சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று போகும் முன்பே தருமரிடம் சொல்லிவிடுகிறான். பின்னாலேயே வருகிறோம் என்று பெரியவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அர்ஜுனன் தவிர்த்த மற்ற பாண்டவர்களைத் தடுத்து நிறுத்தும் வரம் கௌரவர் பக்கம் நிற்கும் ஜயத்ரதனிடம் இருக்கிறது. முடிவு தெரிந்தவர்கள்கூட அந்த இடத்தில் பதறுவதற்குக் காரணம், தப்பிக்க ஒரு வழி இருந்து அது கண்ணெதிரே அடைபடுவதுதான்.

குறிப்பைத் துருத்திக்கொண்டு நிற்கவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. இருநூறு பக்கம் வாயே திறக்காத காவலன் போருக்கு முந்தைய இரவில் மட்டும் மகளைப் பற்றி உருகினால், நாளை இவன் காலி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அந்த மகளை முன்பே, சிரிப்போ சண்டையோ நடக்கிற வேறொரு காட்சியில் கொண்டுவந்துவிடுங்கள்.

ஆரூடமும் கதையைக் கெடுக்கும். ‘அரக்கனை இவனே வீழ்த்துவான்’ என்று முதல் அத்தியாயத்திலேயே உறுதியாகிவிட்டால், நடுவில் அவன்மேல் பாய்கிற வாளெல்லாம் அட்டை வாள்தான். வீழ்த்திய பிறகு என்ன ஆவான் என்பதையாவது சொல்லாமல் விடுங்கள்.

அப்புறம், உயிர்ப்பிக்கும் மந்திரம். ஒருவரை இலவசமாக மீட்டுவிட்டால், அடுத்து யார் செத்தாலும் வாசகர் அசையமாட்டார். அந்த மந்திரத்துக்கு ஒரு விலை வேண்டும். அது என்ன விலை என்பதும் மந்திரம் தேவைப்படுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் மந்திரவாதி கேண்டால்ஃப் மோரியா சுரங்கத்துப் பாலத்தில் விழுந்து, பிறகு திரும்பி வருகிறார். ஆனால் பழைய ஆளாக அல்ல. அதற்குள் அவரோடு பயணம் செய்த கூட்டம் சிதறிவிட்டது, அதில் ஒருவனான போரமிர் இறந்துவிட்டான். அந்த இழப்பு எதுவும் ரத்தாகவில்லை.

பள்ளத்தில் விழுந்தான், உடல் கிடைக்கவில்லை என்கிற உத்தியை ஒரு நாவலில் ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். என்னைக் கேட்டால் ஒருமுறையே அதிகம்.

நடந்து முடிந்த கதையை ‘நான்’ என்று ஒருவர் சொல்லும்போது, அவர் பிழைத்துவிட்டார் என்று வாசகர் பெரும்பாலும் முடிவுகட்டிவிடுவார். அவர் உயிரைக் காட்டி மிரட்டிப் பயனில்லை. கூட வருகிறவர்களில் யார் திரும்புவார்கள் என்ற கேள்வி மட்டும் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது.