அளவு நோட்டில் ஏறாத நூல் கடையிலேயே இருக்கட்டும்

குன்னூரில் 22 ஆண்டுகளாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, சுடிதார், பள்ளிச் சீருடை எதுவானாலும் வெட்டித் தைத்துவிடுவேன். யாராவது இழை பிரிந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்தால் மட்டும், "இதற்கு வேறு கை வேண்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த வேறு கை எதிர்வீட்டுப் பாட்டியிடம் இருந்தது. இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு, கடை சாத்திய பிறகு தினமும் அரை மணி நேரம் அவரருகே போய் உட்கார்ந்து ஊசிப் பின்னல் கற்க ஆரம்பித்தேன். இதுவரை ஒரு மஃப்ளர், நான்கு குல்லாய், ஒரு குழந்தை ஸ்வெட்டர் முடித்திருக்கிறேன். இப்போது ஊசியில் இருப்பது என் கணவருக்கான கையில்லாத ஸ்வெட்டர். தடுக்கிய இடங்கள் இன்னும் நினைவில் இருக்கும்போதே எழுதிவைத்தால், புதிதாக ஊசி பிடிப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

முதல் நாள் வாங்க வேண்டியவை ஒரு ஜோடி ஊசியும் ஒரே ஒரு உருண்டை நூலும்தான். ஊசி 4 மி.மீ. இருக்கட்டும். நம் கடைகளில் அதை 8-ஆம் நம்பர் என்பார்கள். இது பழைய பிரிட்டிஷ் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 10-ஆம் நம்பர் 3.25 மி.மீ., 12-ஆம் நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்கக் கணக்கு இதற்கு நேர் எதிர். அங்கே 8 என்றால் 5 மி.மீ. இணையத்தில் எடுத்த மாதிரியில் 8 என்று இருந்ததால் கடையில் 8 கேட்டு வாங்கி, என் முதல் குல்லாயை அதில் தொடங்கிவிட்டேன். மூன்று நாள் வேலை பிரிக்கப்பட்டது. நம்பரை விட்டுவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

நூல் வெளிர் நிறமாக, வழுவழுப்பாக, முறுக்கு தெளிவாகத் தெரிகிறதாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம், கண்ணுக்குத் தெரியாது. பூனை முடிபோல் பொசுபொசுவென்று இருக்கும் நூலைத் தவறாகப் பின்னிவிட்டால் பிரிக்க வராது. முடியோடு முடி சிக்கிக்கொள்ளும். முதல் உருண்டை பிரித்துப் பிரித்துப் பின்னுவதற்கானது. அக்ரிலிக் நூலே போதும்.

30 கண்ணி ஏற்றுங்கள், அதாவது ஒரு ஊசியில் 30 வளையம் வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் விடும் வால் நூல், பின்னப் போகும் அகலத்தைப்போல் மூன்று மடங்கும் அதற்குமேல் ஒரு சாணும் இருக்க வேண்டும். நூல் ஊசிக்குப் பின்னால் இருக்கட்டும். வலது ஊசி முனையை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்துவிடுங்கள். முனையின்மேல் நூலை ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்பக்கம் இழுங்கள். பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். இதுதான் நிட். நூலை முன்னால் வைத்துக்கொண்டு, ஊசியைப் பின்னிருந்து முன்னாக நுழைத்துச் சுற்றி, சுற்றைப் பின்பக்கம் தள்ளினால் பர்ல். உலகத்தில் உள்ள எந்த ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்தாலும் அடிப்படையில் இந்த இரண்டும்தான்.

நான் முதல் வாரம் முழுவதும் நூலை இறுக்கிக்கொண்டே இருந்தேன். தையல் இயந்திரத்தில் நூல் தளர்ந்தால் தையல் கெட்டது என்று பழகிய கை அது. "இழுக்காதே கண்ணு, நூல் எங்கேயும் ஓடிவிடாது" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். கண்ணி ஊசியின்மேல் தாராளமாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் தோளைத் தளர்த்துங்கள். விரல் தானே தளரும்.

இன்னொரு தொல்லையும் எல்லோருக்கும் வரும். 30 கண்ணியில் தொடங்கியது பத்து வரிசையில் 34 ஆகிவிடும். வரிசையின் முதல் கண்ணியில்தான் கோளாறு. நூல் ஊசிக்குமேல் ஏறிப் பின்னால் கிடந்தால், அந்த ஒரு கண்ணியின் இரண்டு கால்களும் மேலே தூக்கி, இரண்டு கண்ணிபோல் தெரியும். இரண்டையும் தனித்தனியே பின்னிவிடுவோம். ஊசியைத் திருப்பியதும் நூலைக் கீழ்நோக்கி இழுத்துவிட்டு, அதன் பிறகு பின்னுங்கள். ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள்.

பின்னிய துணியைப் படிக்கக் கற்றுக்கொள்ள, வீட்டில் இருக்கும் திருப்பூர் பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிப்பக்கம் சின்னச் சின்ன 'V' வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். உட்பக்கம் மணி மணியாகப் படுத்திருக்கும். இயந்திரம் பின்னிய அதே நிட்டும் பர்லும்தான் அது. ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று பின்னினால் அதே துணி உங்கள் ஊசியில் தடிமனாக வளரும். பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்வதை இருபது வருடமாகப் பார்த்து வந்தவள் நான். என் மஃப்ளர் சுருண்டபோது எனக்குக் காரணம் உடனே புரிந்தது. அயர்ன் பண்ணி அதைச் சரிசெய்ய முடியாது. அக்ரிலிக்கில் சூடு பட்டால் நூல் உயிரிழந்து தொங்கிப்போகும். மஃப்ளர் சுருளக் கூடாது என்றால் எல்லா வரிசையையும் நிட் போடுங்கள், அல்லது இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் போடுங்கள்.

நழுவிய கண்ணி

இதற்குப் பயந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பின்னலை மேசைமேல் படுக்க வையுங்கள். கையில் தூக்கினால் கண்ணி இன்னும் கீழே ஓடும். நழுவிய இடத்தில் ஏணிபோல் குறுக்கு நூல்கள் தெரியும். ஏணியின் அடியில் ஒரு கண்ணி தனியாக வாய் திறந்து நிற்கும். 'V' தெரியும் பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னிருந்து நுழைத்து, அதற்கு நேர்மேலே உள்ள குறுக்கு நூலைக் கொக்கியில் பிடித்து, கண்ணி வழியே இழுங்கள். ஒரு படி ஏறிவிட்டது. அடுத்த நூல், அடுத்த படி. மேலே வந்ததும் கண்ணியை முறுக்காமல் இடது ஊசியில் ஏற்றுங்கள். இதை முதன்முதலாக நானே செய்து முடித்த இரவு, பாட்டி வீட்டுக் கதவைத் தட்டிக் காட்டினேன். குறைந்தது ஒரு முறையாவது வேண்டுமென்றே ஒரு கண்ணியை நழுவவிட்டு ஏற்றிப் பழகுங்கள். அதன் பிறகு பயம் போய்விடும்.

மாதிரிச் சதுரமும் கணக்கும்

ரவிக்கைக்குத் துணி ஏற்கெனவே இருக்கிறது. அளவு பார்த்து வெட்டுகிறோம். பின்னலில் துணியும் உடையும் சேர்ந்தே பிறக்கின்றன. தவறிவிட்டால் பக்கத் தையலில் பிடித்துச் சரிக்கட்ட முடியாது. எனவே, எடுத்த நூலில், எடுத்த ஊசியில், 15 செ.மீ. சதுரம் ஒன்று முதலில் பின்னுங்கள். அலசிக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி என்று டேப் வைத்து எண்ணுங்கள். ஓரத்தில் எண்ணினால் கணக்கு தப்பும்.

அமெரிக்க நம்பரில் ஏமாந்து பிரித்த அந்தக் குல்லாய்க்கு, இரண்டாம் முறையும் நான் சதுரம் போடவில்லை. குழந்தையின் தலை 50 செ.மீ. குல்லாய் தலையைப் பிடித்து நிற்க 46 போதும். இணையத்தில் எடுத்த அந்த மாதிரியில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றிருந்தது. 92 கண்ணி ஏற்றினேன். இறுக்குவதைக் கைவிட்ட என் கை அதற்குள் தளர்ந்து, 10 செ.மீ.க்கு 17 கண்ணிதான் விழுந்துகொண்டிருந்தது. முடித்தபோது 54 செ.மீ. வந்தது, குழந்தையின் மூக்குவரை இறங்கியது. மூன்று கண்ணி வித்தியாசம் எட்டு சென்டிமீட்டரைக் கூட்டிவிட்டது. கண்ணி குறைவாக வந்தால் ஒரு அளவு மெல்லிய ஊசி, அதிகமாக வந்தால் ஒரு அளவு தடித்த ஊசி எடுங்கள்.

செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் மஃப்ளர், அதில் கை சீராகும். அடுத்து குல்லாய், அதில் ரிப், கண்ணி குறைத்தல், இணைத்தல் மூன்றும் வந்துவிடும். பிறகு குழந்தை ஸ்வெட்டர். அதைப் பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு முந்தி செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கழுத்து, கை, பட்டன் பட்டி என்று பெரிய ஸ்வெட்டரில் உள்ள எல்லாமே அதில் சின்னதாக இருக்கும். பிரித்தாலும் ஒரு மாலை வேலைதான் போகும். கழுத்தில் கண்ணி முடிக்கும்போது (கண்ணிகளை மூடி ஊசியிலிருந்து இறக்கும்போது) மட்டும் ஒரு அளவு தடித்த ஊசியை எடுங்கள். இறுகிப்போனால் தலை நுழையாது.

இணைக்கும் வேலையைத் தையல் இயந்திரத்திடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்துப் பார்த்தேன். துணி நீண்டது, தையல் நீளவில்லை. பக்கவாட்டில் கயிறு கட்டியதுபோல் ஆகிவிட்டது. மழுங்கிய முனையுள்ள பெரிய ஊசியில் அதே நூலைக் கோத்து, இரண்டு துண்டுகளின் ஓரத்திலும் உள்ள ஏணிப்படிகளை மாறி மாறி எடுத்து இழுங்கள். தையல் இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொள்ளும். ஊட்டி திபெத்திய மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு ஸ்வெட்டரை உட்புறம் திருப்பி, தோளும் கையும் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். நான் அங்கேயே நின்று நோட்டில் படம் வரைந்து வந்தேன்.

நூல் ஆசை

முதல் மஃப்ளர் பாதி வளர்வதற்குள் என்னிடம் பதினொரு உருண்டை சேர்ந்துவிட்டது. ஊட்டிக்குப் பட்டன் வாங்கப் போன நாளில் கடை வாசலில் தொங்கிய வான நீலத்தைப் பார்த்தேன். கன்னத்தில் வைத்தால் அவ்வளவு மென்மை. நீலம், ரோஜா, இரண்டும் கலந்து நிறம் மாறிமாறி வருவது என்று மூன்றையும் வாங்கினேன். என்ன பின்னப் போகிறேன் என்று அப்போது தெரியாது. ஐப்பசி மழையில் கட்டிலுக்கு அடியில் கிடந்து அவற்றில் ஈர வாடை ஏறிவிட்டது. நீலத்தில் குழந்தை ஸ்வெட்டர் தொடங்கியபோது ஐம்பது கிராம் குறைந்தது. அதே நிறம் தபாலில் வரவழைத்தேன். வந்தது வேறு லாட். பகலில் பார்த்தால் வலது கை ஒரு நீலம், இடது கை ஒரு நீலம். ஒரே தொட்டியில் சாயம் தோய்ந்த நூலுக்குத்தான் ஒரே லாட் எண் இருக்கும், லேபிளில் அச்சிட்டிருப்பார்கள். வேண்டிய மொத்தத்தையும் ஒரே லாட்டில், ஒரே நாளில் வாங்குங்கள்.

அதன் பிறகு என் தையல் கடை வழக்கத்தையே நூலுக்கும் கொண்டுவந்தேன். எங்களிடம் அளவு நோட்டு உண்டு. வாடிக்கையாளரின் அளவை எழுதி, அவர் துணியில் ஒரு துண்டை அந்தப் பக்கத்தில் குத்திவைப்போம். அளவு எடுக்காமல் யாருக்கும் துணி வாங்கச் சொல்வதில்லை. நூலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்: யாருக்கு, என்ன உடுப்பு, எந்த ஊசி, எத்தனை கிராம். இந்த நான்கும் நிரம்பாத நூலை வாங்குவதில்லை. ஆசையாக இருந்தால் ஒரே ஒரு உருண்டை வாங்கி, சதுரம் பின்னி, பக்கத்தில் குத்தி, அது என்னவாகும் என்று முடிவான பிறகு மீதிக்குப் போகிறேன். லாட் மாறியிருந்தால் அந்த முதல் உருண்டை குல்லாயாகிவிடும்.

எத்தனை கிராம் என்பதையும் சதுரமே சொல்லும். தபால் அனுப்பும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். என் 15 செ.மீ. சதுரம் 10 கிராம். அதாவது 225 சதுர செ.மீ.க்கு 10 கிராம். கணவரின் ஸ்வெட்டர் பின்பக்கம் 52 செ.மீ. அகலம், 62 செ.மீ. உயரம், பெருக்கினால் 3,224. அதற்கு 143 கிராம் ஆகும். முன்பக்கமும் அவ்வளவே. அக்குளிலும் கழுத்திலும் மிச்சமாகும் நூல் பட்டிகளுக்குச் சரியாகப் போய்விடும். 300 கிராம் வாங்கினேன்.

கம்பளியா அக்ரிலிக்கா என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, தலைமுடி கருகும் வாடை அடித்து, நெருப்பை எடுத்ததும் அணைந்து, விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுத்துக் கெட்டி மணியாகும். ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் செம்மறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது; மெல்லிய ரோமம் தரும் நீலகிரிச் செம்மறியை அங்கே வளர்க்கிறார்கள். இருந்தாலும் என் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லூதியானா ஆலை நூல்தான். சுடுநீரில் கசக்கினால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும், பூச்சியும் அரிக்கும். அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தை உடுப்புக்கு நான் நல்ல அக்ரிலிக்கையே எடுக்கிறேன். எதுவானாலும் பிழியாமல் அமுக்கி நீரெடுத்து, துண்டில் சுருட்டி, தட்டையாகப் படுக்கவைத்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

என் நோட்டில் இப்போது திறந்திருக்கும் பக்கம் இது: சாம்பல் நிறம், 4 மி.மீ. ஊசி, 10 செ.மீ.க்கு 21 கண்ணி, ஏற்றியது 111. நேற்று இரவு பின்பக்கம் 38 செ.மீ. எட்டியது. மீதி உருண்டைகளைத் தராசில் வைத்தேன், 212 கிராம் காட்டியது. கணக்கு சரியாக இருக்கிறது. இன்று கடை சாத்தியதும் அக்குளுக்காக இரண்டு பக்கமும் ஆறு ஆறு கண்ணி முடிக்க வேண்டும்.