செர்பென்டைன் பாறையில் நிக்கலும் செம்பும் தேடுவது எப்படி: மதுரை வட்டாரத்து நிலவியல் மாணவர்களுக்கு

ஆலிவின் என்னும் மக்னீசிய-இரும்புக் கனிமம் மிகுந்த பாறை எதை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் நிக்கல் இருக்கிறது என்றுதான் பதில் வரும். டியூனைட், பெரிடோடைட் போன்ற அல்ட்ராமாஃபிக் (மக்னீசியமும் இரும்பும் மிகுந்து சிலிக்கா குறைந்த) பாறைகளில் இயல்பாகவே 2000 பிபிஎம் அளவில், அதாவது 0.2 சதவீதம், நிக்கல் உண்டு. அது ஆலிவின் படிகத்துக்குள் மக்னீசியத்தின் இடத்தில் அமர்ந்திருப்பதால் பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகாது. ஆகவே ஆய்வறிக்கை கைக்கு வந்ததும் எவ்வளவு நிக்கல் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த நிக்கல் எந்தக் கனிமத்துக்குள் இருக்கிறது என்று கேளுங்கள். பென்ட்லாண்டைட் போன்ற சல்ஃபைடில், அதாவது கந்தகம் சேர்ந்த கனிமத்தில், இருந்தால் அதைத் தொடரலாம். ஆலிவினிலோ செர்பென்டைனிலோ மட்டும் இருந்தால் அந்தக் கல்லைத் தோட்டத்து வரப்புக்குப் பயன்படுத்தலாம்.

செர்பென்டைன் இந்தக் கேள்வியை மேலும் சிக்கலாக்குகிறது. ஆலிவினுக்குள் நீர் புகுந்து அது செர்பென்டைனாக மாறும்போது மேக்னடைட் என்னும் காந்த இரும்புக் கனிமம் உருவாகிறது, ஹைட்ரஜன் வெளியேறுகிறது, சூழல் ஆக்சிஜன் மிகக் குறைந்ததாகிறது. ஆலிவின் விட்டுக்கொடுக்கும் நிக்கல் கந்தகம் கிடைத்தால் பென்ட்லாண்டைட்டாகவோ ஹீசில்வுடைட்டாகவோ மாறும். கந்தகம் மிகவும் அரிதானால் இரும்போடு சேர்ந்து அவாருவைட் என்னும் உலோகக் கலவையாகப் படியும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் சுரங்கத்துத் தாது செர்பென்டைனாக மாறிய டியூனைட்டில் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடப்பது. அதன் நிக்கல் அளவு சுமார் 0.6 சதவீதமே. செம்பு தேடுபவர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆலிவின் செம்பை ஏறக்குறைய ஏற்பதே இல்லை என்பதால், புதிதாக உடைத்த அல்ட்ராமாஃபிக் பாறையில் செம்பு நூற்றுக்கணக்கான பிபிஎம் காட்டினால் அங்கே சல்ஃபைடு இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நிக்கலைவிடச் செம்பே நம்பத்தகுந்த சாட்சி என்பது என் கருத்து.

இனி இடத்துக்கு வருவோம். மதுரையைச் சுற்றியுள்ள நிலம் மதுரைப் பாளம் எனப்படும் கிரானுலைட் (மிகுந்த வெப்பத்தில் உருமாறிய பாறை) நிலப்பரப்பைச் சேர்ந்தது. சார்னக்கைட் (கிரானைட் போன்ற கரும்பச்சைப் பாறை), நைஸ் (பட்டை பட்டையான உருமாறிய பாறை), கிரானைட், குவார்ட்சைட், படிகச் சுண்ணாம்புக்கல் ஆகியவையே இங்கு மிகுதி. அல்ட்ராமாஃபிக் பாறைகள் இவற்றுக்கிடையே சிறு பட்டைகளாகவும் வில்லைகளாகவும் மட்டும் தென்படும். ஒட்டன்சத்திரத்திலும் திண்டுக்கல்லுக்கு வடக்கே கடவூரிலும் அனார்த்தோசைட்–காப்ரோ தொகுதிகள் உள்ளன. பெரிய டியூனைட் உடலைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர் சேலத்தின் வெள்ளைக்கல் குன்றுகளுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. மதுரைப் பாளம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்த நிலம். அவ்வளவு வெப்பத்தில் செர்பென்டைன் நிலைத்திருக்க முடியாது. எனவே இங்கு நீங்கள் காணும் செர்பென்டைன் அந்த வெப்பம் தணிந்த பிறகு விரிசல்கள் வழியே நீர் புகுந்து உருவானது. பழைய சல்ஃபைடு இருந்திருந்தால் அதுவும் வெப்பத்தில் இளகி, பாறை நசுங்கிய பட்டைகளை நோக்கி நகர்ந்திருக்கக்கூடும். ஆகவே வில்லையின் நடுப்பகுதியோடு நின்றுவிடாமல் அதன் விளிம்பையும், நைஸைத் தொடும் இடத்தையும் கவனமாகப் பாருங்கள்.

களத்துக்குப் போகுமுன் மேசை வேலை ஒரு வாரமாவது ஆகும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் நிலவியல் வரைபடங்களும், தேசியப் புவிவேதி வரைபடத் திட்டத்தின் ஓடை வண்டல் ஆய்வு முடிவுகளும் கிடைக்கின்றன. அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாதிரியும் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் பரப்பைக் குறிப்பதால், 100 மீட்டர் நீளமுள்ள வில்லை அதில் கரைந்து காணாமல் போயிருக்கலாம். நிக்கல், குரோமியம், மக்னீசியம் மூன்றும் சேர்ந்து உயரும் கட்டங்களை அல்ட்ராமாஃபிக் இருக்கும் இடங்களாகக் குறியுங்கள்; அவற்றுள் செம்பும் தனியே உயரும் கட்டங்களை முதலில் போய்ப் பாருங்கள்.

அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்டு நடந்து பார்ப்பது ஒன்று, குழி தோண்டுவதும் துளையிடுவதும் வேறொன்று. பின்னதற்கு 1957ஆம் ஆண்டுச் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி உரிமம் தேவை. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் நிக்கல், செம்பு உட்பட 29 கனிமங்களுக்கு ஏலம் வழியாக ஆய்வு உரிமம் வழங்க வழிசெய்தது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி வேண்டும். மேலூர்ப் பக்கம் போவோர், 2024இல் ஏலம் விடப்பட்ட நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி, அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தையும் உள்ளடக்கியிருந்ததால் ஊர்மக்கள் எதிர்த்து, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதை நினைவில் வையுங்கள். சுத்தியலோடு வருபவரை அந்த ஊர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. முதலில் போய்ப் பேசுங்கள்.

களத்தில் செர்பென்டைனை அடையாளம் காண்பது எளிது என்று பாடநூல் சொல்லும். மங்கிய பச்சை நிறம், மெழுகு போன்ற வழவழப்பு, கத்தியால் கீறினால் கோடு விழுதல், காந்தம் ஒட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். மதுரைப் பக்கத்தில் இவற்றுள் முதல் இரண்டை நம்பக்கூடாது, ஏனெனில் புதிதாக உடைத்த சார்னக்கைட்டும் பச்சை கலந்த எண்ணெய்ப் பளபளப்போடுதான் இருக்கும். அதில் குவார்ட்ஸ் இருப்பதால் கத்தி வழுக்கும், அதுவே வேறுபாடு. சார்னக்கைட்டைவிட மோசமாக ஏமாற்றுவது படிகச் சுண்ணாம்புக்கல்லில் வரும் செர்பென்டைன். அசுத்தமான சுண்ணாம்புக்கல் வெந்து ஃபார்ஸ்டரைட் என்னும் மக்னீசிய ஆலிவின் ஆகி, அது பின்னர் செர்பென்டைனாக மாறுவது இங்கு நடந்திருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது விருதுநகர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் குவாரி ஒன்றிலிருந்து அப்படிப்பட்ட பச்சைக்கல்லைப் பையில் சுமந்து வந்து இரண்டு மாதம் மகிழ்ந்திருந்தேன். ஆய்வு முடிவில் நிக்கலும் குரோமியமும் இல்லாத குறையாக இருந்தன. அல்ட்ராமாஃபிக் செர்பென்டைனில் இரண்டும் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருக்கும். சுண்ணாம்பு கலந்த கல்லைப் பொங்கவைக்கும் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் அந்த இரண்டு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். வெள்ளை நரம்புகளுக்கும் இதே சோதனை பயன்படும்: சுக்கான்கல் உடனே பொங்கும், மேக்னசைட் சூடாக்கினால்தான் பொங்கும். கல்லை உடைக்கும்போது நனைத்து உடையுங்கள், முகக்கவசம் அணியுங்கள். செர்பென்டைன் நரம்புகளில் கிரைசோடைல் என்னும் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் இருக்கக்கூடும்.

மண் மாதிரி எடுப்பதில்தான் இந்த வட்டாரத்தின் வேளாண்மை குறுக்கே நிற்கிறது. பாறைப் பட்டைக்குக் குறுக்காகக் கோடுகள் போட்டு, 25 மீட்டருக்கு ஒன்றாக, 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் அரைக் கிலோ மண் எடுத்து, நைலான் சல்லடையில் 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) அளவுக்குச் சலித்து அனுப்புவது வழக்கமான முறை. ஆனால் கண்மாயிலிருந்து கரம்பை மண் அடித்த வயலில் நீங்கள் எடுப்பது அந்த வயலின் மண் அல்ல, கண்மாய்க்கு நீர் கொண்டுவந்த நிலம் முழுவதின் மண். எனவே ஒவ்வொரு வயலிலும் எந்த ஆண்டு கரம்பை போட்டார்கள் என்று விவசாயியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடை வண்டலைக் கண்மாய்க்கு மேலேதான் எடுக்க வேண்டும். கரைக்குக் கீழே எடுத்தால் மேலேயிருந்து வந்த கனமான துகள்கள் கண்மாயிலேயே தங்கிவிட்டிருக்கும். கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களில் செம்பு உயர்ந்தால் செம்பு சேர்ந்த பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை தெளிப்பை முதலில் நினையுங்கள். மாதிரி எடுப்பவர் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், தங்க நகையில் செம்பு கலந்திருக்கிறது. கரிசல் ஆழமாக மூடிய திருமங்கலம் பக்கத்தில் மேல்மண் மாதிரி பெரிதாக ஒன்றும் சொல்லாது.

காந்த அளவீட்டுக்கு வடநாட்டு அனுபவத்தையோ வெளிநாட்டுப் பாடநூலையோ அப்படியே கொண்டுவரக் கூடாது. காந்த நடுவரை தமிழ்நாட்டின் தென்முனைக்கு அருகே செல்வதால் மதுரையில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாகவே உள்ளது. மேக்னடைட் நிறைந்த செர்பென்டைன் உடலுக்கு மேலே இங்கே அளவு உயராது, தாழும். உயர்வுகள் அதன் வடக்கிலும் தெற்கிலும் மெல்லியதாக வரும். கிழக்கு மேற்காக நீண்ட உடல் தெளிவாகத் தெரியும், வடக்கு தெற்காக நீண்டது முனைகளில் மட்டும் தலைகாட்டும். தரவைத் துருவத்துக்கு மாற்றும் கணக்கு, அதாவது புலம் செங்குத்தாக உள்ள துருவத்தில் அளந்தது போல மாற்றுவது, புலத்தின் சாய்வு இவ்வளவு குறைந்த இடத்தில் நிலையற்றது. நடுவரைக்கு மாற்றுவதே பாதுகாப்பானது. நண்பகலை ஒட்டி வானத்து மின்னோட்டத்தால் புலமே பல பத்து நானோடெஸ்லா ஏறி இறங்கும் என்பதால், ஓரிடத்தில் நிலையான கருவி ஒன்றை வைத்துத் திருத்தாத அளவீடு வீண்வேலை. இயன்றவரை காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மின்காந்த அளவீட்டில் திரண்ட சல்ஃபைடு நல்ல கடத்தியாகத் தெரியும். சிவகங்கைப் பக்கத்துப் பாறைகளில் கிடைக்கும் கிராஃபைட்டும் அப்படியே தெரியும், உப்புநீர் ஊறிய கரிசலும் தெரியும். அல்ட்ராமாஃபிக் உடலோடு ஒட்டாத கடத்தியை, அது எவ்வளவு வலுவாக இருந்தாலும், துளையிடும் பட்டியலில் கடைசியில் வையுங்கள்.

ஆய்வகத்தில் மொத்த நிக்கலோடு சல்ஃபைடு நிக்கலையும் தனியே கேளுங்கள். அம்மோனியம் சிட்ரேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல் சல்ஃபைடைக் கரைத்து, சிலிக்கேட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். கந்தகம், செம்பு, பல்லேடியம் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டால் ஒரு கணக்குப் போடலாம். எடுத்துக்காட்டாக, கந்தகம் 2 சதவீதம், சல்ஃபைடு நிக்கல் 0.6 சதவீதம் என்றால், தூய சல்ஃபைடில் கந்தகம் சுமார் 37 சதவீதம் என்பதால் பாறையில் ஏறத்தாழ 5.4 சதவீதம் சல்ஃபைடு இருக்கிறது. அந்தச் சல்ஃபைடில் நிக்கல் சுமார் 11 சதவீதம். இது மிக நல்ல அடையாளம், சல்ஃபைடு திரண்டிருக்கும் இடத்தைத் தேடலாம். அதே கணக்கில் 1 சதவீதம் வந்தால், எவ்வளவு சல்ஃபைடு திரண்டிருந்தாலும் அது வெறும் பைரோட்டைட் என்னும் இரும்புச் சல்ஃபைடுதான். மாற்றமடைந்த பாறையில் கந்தகம் வெளியேறியோ சேர்ந்தோ இருக்கலாம் என்பதால், மெருகேற்றிய துண்டு ஒன்றைப் பிரதிபலிப்பு நுண்ணோக்கியின் கீழ் வைத்து பென்ட்லாண்டைட், சால்கோபைரைட் (செம்புச் சல்ஃபைடு) துகள்களைக் கண்ணால் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

துளையிடுவது இவை எல்லாம் ஒரே இடத்தைக் காட்டிய பிறகே. முதல் துளையை வில்லையின் அடிவிளிம்பை வெட்டும்படி சாய்வாகப் போடுங்கள், ஏனெனில் கனமான சல்ஃபைடு உருகிய நிலையில் அடியில் தங்கியிருக்கும். மடிந்து புரண்ட இந்த நிலத்தில் எது அடி என்று தெரியாதபோது இரண்டு விளிம்புகளையும் வெட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.