கொரில்லா பார்த்த இடத்தை வரைபடத்தில் குறிக்காதீர்கள்

கொரில்லா பார்க்க உகாண்டாவின் பிவிண்டி காட்டில் நடந்த வழியின் ஜிபிஎஸ் பதிவை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஏற்றப் போகிறீர்களா? காட்டுக்குள் போன பகுதியை முதலில் வெட்டிவிடுங்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா போன்ற புறப்படும் இடங்கள், சாலை, தங்குமிடம், பூங்கா எல்லை எல்லாம் தாராளமாகக் குறிக்கலாம். கொரில்லா நின்ற இடமும் அதன் கூடும் மட்டும் வேண்டவே வேண்டாம். கொரில்லா ஒவ்வொரு மாலையும் இலை தழைகளை மடக்கிப் புதுக் கூடு கட்டிக்கொள்ளும். அதனால் நேற்றைய புள்ளி பயணிக்கு உதவாது. எந்தக் குடும்பம் எந்தச் சரிவில் திரிகிறது என்று வேட்டைக்காரனுக்குத்தான் காட்டிக்கொடுக்கும். மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே ஆயிரத்துச் சொச்சம்தான். ரஃபிக்கி என்ற வெள்ளிமுதுகு ஆண் (முதுகு நரைத்த, முதிர்ந்த ஆண் கொரில்லா) 2020-இல் இதே காட்டில்தான் வேட்டைக்காரன் கையால் செத்தது.

அப்புறம், போன் கேமராவின் அமைப்புகளில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டுக் காட்டுக்குள் நுழையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கும்.