சிறு இசைத்தட்டு நிறுவனத்தின் ஓராண்டு: விசித்திர வெளியீடுகளைத் திட்டமிடும் முறை

ஆண்டுக்கு நான்கைந்து வெளியீடுகளுக்கு மேல் தாங்காத சிறு நிறுவனம், எந்த இசைக்கு எந்த வடிவம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டே தேதி குறிக்க வேண்டும். நீண்டு ஒலிக்கும் படைப்புக்குக் கேசட் ஏற்றது. 60 நிமிட நாடாவில் பக்கத்துக்கு 30 நிமிடம் கிடைக்கும். 12 அங்குல வினைல் தட்டிலோ, நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், பக்கம் ஏறத்தாழ 22 நிமிடத்தைத் தாண்டினால் முள் ஓடும், ஒலி பதிந்த பள்ளங்கள் நெருங்கி ஒலி தணிந்துவிடும்.

ஆண்டின் விசித்திர வெளியீடாக மூடிய பள்ளத் தட்டையே நான் பரிந்துரைப்பேன். வழக்கமான தட்டில் முள் சுருள்வழியே உள்நோக்கி நகரும். இதிலோ ஒவ்வொரு பள்ளமும் வட்டமாக மூடிக்கொள்வதால், முள்ளைக் கையால் தூக்கும்வரை அதே துணுக்கு திரும்பத் திரும்ப ஒலிக்கும். அமெரிக்காவின் லோவல் நகரைச் சேர்ந்த ஆர்ஆர்ஆர் ரெக்கார்ட்ஸ் 1993இல் 7 அங்குலத் தட்டொன்றில் இப்படி 100 பள்ளங்களை வெளியிட்டது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். அதில் நான்கு தாள அடிகள் சரியாக அடங்க வேண்டுமெனில் தாளத்தை நிமிடத்துக்கு 133.33 அடியாக அமைக்க வேண்டும், இல்லையெனில் சுற்று தொடங்கும் இடத்தில் தாளம் நொண்டும்.

தட்டில் பள்ளம் வெட்டித் தரும் எல்லோரும் இந்த வேலைக்கு ஒப்புவதில்லை. முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். சோதனைப் பிரதிகளை நல்ல கருவியில் மட்டுமல்லாமல் மலிவான ஒன்றிலும் ஓட்டிப் பார்த்த பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவிக்கலாம்.