உணவகத்து முற்றம்: நிழலை முதலில் அளந்துகொள்ளுங்கள்

கடலோர ஊர்களில் உணவகத்துக்கு வெளியே மேசை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது புல்வெளியும் நீரூற்றும்தான். ஆனால் சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கே நிழல் விழுகிறது என்பதைப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். அந்த நேரத்தில் இடத்தில் நின்று, நிழலின் விளிம்பில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுங்கள். கட்டடத்துக்கு வடக்கே எப்போதும் நிழல் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளைச் சூரியன் சற்று வடக்கே தள்ளித்தான் நிற்கும்.

பந்தல் மட்டும் போட்டால் நான்கு மணிக்கு மேல் வெயில் பக்கவாட்டில் நுழைந்து முகத்தில் அடிக்கும். அதனால் மேற்கே 7 அடி உயரத்துக்கு இரும்புச் சட்டமும் கம்பி வலையும் நிறுத்தி, ரங்கூன் மல்லியை ஏற்றுங்கள். கிழக்கையும் தென்கிழக்கையும் திறந்தே விடுங்கள், கடற்காற்று வருவது அந்தப் பக்கம்தான். அங்கே ஆறடி மதில் எழுப்பினால் உட்கார்ந்திருப்பவருக்குப் புழுக்கம்தான் மிஞ்சும். ஏசி அவுட்டோர் யூனிட், சமையலறை எக்ஸாஸ்ட், ஜெனரேட்டர் புகைக்குழாய் மூன்றும் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று பாருங்கள். மேசைப் பக்கம் ஊதினால் அவற்றை முதலில் இடம் மாற்றுங்கள்.

மரத்துக்குப் புங்கை, மகிழம், வேம்பு நல்லவை. 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி வெட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். மகிழம் மெதுவாகத்தான் வளரும், ஆனால் வருடம் முழுக்க அடர்ந்த நிழல் தரும். புங்கை பூ கொட்டும் வாரங்களில் இரண்டு வேளையும் பெருக்க ஆள் வேண்டும். மேசைக்கு மேல் நாவல் கூடாது, பழக்கறை கல்லில் ஊறிவிடும். குல்மோஹர் அழகுதான். ஆனால் கிளை எளிதில் முறியும், வேர் மேலோடு ஓடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மரத்தடியில் புல் போடாதீர்கள். கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும், நிழலில் திட்டுத்திட்டாகக் கருகும்.

அதிகம் கெட்டுப்போவது தரை. பேவர் பிளாக் (தரையில் பதிக்கும் கான்கிரீட் கல்) ஆறே மாதத்தில் அமுங்கினால் காரணம் பெரும்பாலும் அடித்தளம்தான். மண்ணை வெட்டி எடுத்து, ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து 6 அங்குலம் பரப்ப வேண்டும். அதை ஒரே தடவையில் கொட்டாமல், மூன்று மூன்று அங்குலமாக, தண்ணீர் தெளித்து காம்பாக்டரால் இறுக்குங்கள். அதன்மேல் ஓர் அங்குலம் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), பிறகு கல். ஆள் நடக்க 60 மி.மீ. கனம் போதும், வண்டி ஏறும் இடத்தில் 80 மி.மீ. ஓரத்தில் கெர்ப் கல்லைக் கான்கிரீட்டில் பதிக்காவிட்டால் வரிசை மெல்ல மெல்ல விரிந்து, இடுக்கு வழியே மணல் வெளியேறும். பளபளப்பான கிரானைட் மழையில் வழுக்கும், தீச்சுடரால் சுட்டு மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு ஃபினிஷ் கேளுங்கள். கருங்கடப்பா வெயிலில் காலைச் சுடும்.

வடகிழக்குப் பருவமழையை நினைத்து, பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் சரிவு கொடுங்கள். சரிவு கட்டடத்தை விட்டு விலகியே போக வேண்டும். தாழ்ந்த ஓரத்தில், கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய கிரேட்டிங் போட்ட வாய்க்கால் அமைத்து, வண்டல் தொட்டி வழியாக மழைநீர் சேகரிப்புக் குழிக்கு விடுங்கள்.

இருக்கை உயரம் 18 அங்குலம். மேசைகளுக்கு இடையே பிரதான நடைபாதை 4 அடி, சக்கர நாற்காலிச் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். விளக்குக்கு 3000 கெல்வின் மஞ்சள் ஒளி எடுங்கள், வெள்ளை விளக்கை மொய்க்கும் அளவுக்குப் பூச்சி வராது.

தொட்டிச் செடிகளுக்குச் சொட்டு நீர் போடலாம். போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் டிரிப்பர் துளை சீக்கிரம் அடைக்கும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளையும் அதே நாளில் கவிழ்த்துக் காயவிடுங்கள், டெங்கு கொசு முட்டையிடுவது அந்தத் தேங்கிய தண்ணீரில்தான்.